எஞ்சினுக்கு அடுத்த பெட்டி

கிளம்பிவிட்டது. கிளம்பியதே தெரியவில்லை. பிளாட்பாரத்துத் தூண் ஒன்று மெல்லப் பின்னால் போன பிறகுதான், அது போகவில்லை, நாம்தான் போகிறோம் என்று புத்தியில் பட்டது. எதிர் இருக்கையில் ஒரு பெண்ணின் மடியில் குழந்தை தூங்குகிறது, கன்னம் இரண்டும் பணியாரம்போல உப்பிய குழந்தை, அது கண்ணைத் திறக்கவே இல்லை. இத்தனை பெட்டிகள், இத்தனை இரும்பு, உட்கார்ந்தவர் நின்றவர் தொங்குகிறவர் என்று ஒரு ஊர் ஜனம், அத்தனையையும் ஒருவர் இழுத்துக்கொண்டு போகிறார், ஒரு குலுக்கல் இல்லை, ஒரு வெடுக் இல்லை. வீட்டில் பீரோவை ஓரடி தள்ளி வைக்கச் சொன்னால் தரையைக் கீறி, சுவரில் இடித்து, கால் விரலையும் நசுக்கிக்கொள்கிற அதே மனுஷன்தானே. அந்தக் கையா இது? எனக்குக் கண் கலங்குகிறது, சிரிப்பும் வருகிறது, இரண்டும் சேர்ந்து வந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஓட்டுகிற வண்டியில் நான் ஏறியதே இல்லை. ஏறவிட மாட்டார். "ஏளா, நீ பின்னால இருக்கன்னு தெரிஞ்சா எனக்கு கண்ணு முன்னால போவாது" என்பார். அம்மா வீட்டுக்குப் போவதென்றால் அவர் டூட்டி இல்லாத வண்டியாகப் பார்த்துத்தான் அனுப்புவார். ஊரே அவர் பின்னால் போகலாம், பெண்டாட்டி மட்டும் போகக்கூடாது. இன்றைக்கு மட்டும் எப்படி ஏறினாய் என்று கேட்டால், அவருக்குத் தெரியாமல்தான் ஏறினேன். எஞ்சினுக்கு அடுத்த பெட்டி, பாதி சாமான் அறை, பாதி பெண்களுக்கு, அதில் ஜன்னலோரம் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கொக்கியும் இரண்டு தகரச் சுவரும்தான்.

பள்ளிக்கூட லீவில் இதுதான் கடைசி ஞாயிறு. இந்த வருஷம் மேற்கே மழை முந்திக்கொண்டது, குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது, சாரல் விழாவையும் முன்னாலேயே வைத்துவிட்டார்கள். அதனால் செங்கோட்டைக்கு ஒரு சிறப்பு வண்டி. பெட்டி முழுக்க நல்லெண்ணெய் வாசனை. ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு பாட்டில், சீயக்காய்ப் பொட்டலம், புளிச்சோறு கட்டிய தூக்கு. பின்னால் பொதுப் பெட்டியில் பையன்கள் இப்போதே அருவிக்குள் நிற்கிற மாதிரிக் கூச்சல் போடுகிறார்கள், இங்கே வரைக்கும் கேட்கிறது. எதிரே இருக்கிற பெண்ணின் பெயர் ரஹ்மத், மேலப்பாளையம். கேட்காமலே சொல்லிவிட்டாள். "யக்கா, நீங்க குளிக்கப் போறியளா? நான் குளிக்கப் போவல. இவளப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போறேன். கொழுகொழு குழந்த போட்டி. மத்தியானம்தான் எடை பாக்காவளாம், அதுக்குள்ள இவளுக்கு எளச்சிரப்பிடாது." சொல்லிக்கொண்டே தூங்குகிற குழந்தையின் வாயில் மசித்த வாழைப்பழத்தை வைக்கிறாள், அதுவும் தூக்கத்திலேயே சப்புகிறது. ஹசீனா என்று பெயராம். இவளை நம்பி அது தூங்குகிறது, இவள் யாரை நம்பி இப்படி ஊட்டிக்கொண்டிருக்கிறாள்? வண்டியை நம்பி. எஞ்சினில் யார் இருக்கிறார் என்று இவளுக்குத் தெரியுமா? தெரிந்தால் இறங்கியிருப்பாளோ என்னவோ. சே, என்ன நினைப்பு இது. பேட்டை தாண்டிவிட்டது. அவர் பிளாட்பாரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவந்தபோது நான் டீக்கடைக்குப் பின்னால் நின்றிருந்தேன். எஞ்சின் ஏணிக் கம்பியில் கையை வைத்தார். வைத்தபடியே நின்றார். பிடித்த கையும் விடவில்லை, தூக்கிய காலும் ஏறவில்லை. சுற்றிலும் ஜனம் எண்ணெய்ப் பாட்டிலோடு ஓடுகிறது, ஒருத்தருக்கும் அவர் நிற்பது தெரியவில்லை. திரும்பி வந்துவிடுவார் என்றே நினைத்தேன். அப்புறம் ஏறினார். நேற்றுச் சாயங்காலம் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார், "நாளைக்கு அந்த வளைவ ஒருக்க தாண்டிப் பாக்கேன். முடியலன்னா எஞ்சின் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு ஆபீஸ்ல ஒரு நாற்காலி கேட்டு வாங்கிக்கிடுதேன்." இவர், நாற்காலியில். கோயிலில் தரையில் உட்காரச் சொன்னாலே கால் மணி நேரத்தில் எழுந்து கோபுரத்தைச் சுற்றிவரப் போகிறவர். அந்த நாற்காலியை நினைத்த மாத்திரத்தில் கத்தி விரலில் பட்டுவிட்டது.

வளைவு கடையத்துக்கு முன்னால் வரும். பனைமரங்கள் நிற்கும், அதைத் தாண்டி வலப்பக்கம் ஒரு கிணறு என்று சொன்னார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், நான் பார்த்ததில்லை, ஆனால் இத்தனை மாதமாகக் கண்ணை மூடினால் அந்த இடம்தான். பொங்கல் கழிந்த சமயம். காலை வெயில். வளைவு திரும்பினால் தண்டவாளத்தில் ஒருவர் நிற்கிறார். வெள்ளை வேட்டி. இவர் பிரேக் போட்டார், ஹார்னை அமுக்கினார். வண்டி என்ன சைக்கிளா, பிடித்தால் நிற்க? எல்லாம் செய்த பிறகும், செய்வதற்கு இனி ஒன்றுமே இல்லை என்று ஆன பிறகும், அது போய்க்கொண்டேதான் இருக்குமாம். அந்த நேரத்தில் கையிலிருப்பது ஹார்ன் ஒன்றுதான். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, ஈரத் தலையோடு அடுப்படி வாசலில் நின்று சொன்னது இரண்டே பேச்சு. "செருப்பக் கழத்தி ஓரமா வச்சிருந்தாருளா. ஜோடி சேத்து." அப்புறம், "ஹார்ன அமுக்கிக்கிட்டே இருந்தேன், திரும்பிப் பாக்கவே இல்ல." அவ்வளவுதான். செத்துப்போனவர் யார் எவர் என்று விசாரிக்கவும் மாட்டேன் என்றுவிட்டார். யார் மேலும் தப்பில்லை, டாக்டர் பேசினார், பெரிய அதிகாரி தோளில் தட்டினார், நல்லபடியாகத்தான் நடத்தினார்கள். லீவு, அப்புறம் யார்டுக்குள்ளேயே பெட்டிகளை நகர்த்துகிற வேலை, இன்றைக்குத்தான் மறுபடியும் வெளி வண்டி. ஆனால் வாசலில் செருப்பு ஜோடியாகக் கிடந்தால் போதும், நின்றுவிடுவார். நான் எல்லாச் செருப்பையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். வருகிறவர்கள் செருப்பையும் கலைத்துவிடுவேன், ஒன்றை இங்கே, ஒன்றை அங்கே. ஒருநாள் சங்கக் கூட்டத்துக்காரர் ஒருவர் போகும்போது ஒற்றைச் செருப்பைத் தேடி நாயைத் திட்டினார், எங்களுக்கு நாயே கிடையாது. மனுஷன் வீட்டில் குரலை உயர்த்தி மாதக் கணக்காகிறது. முன்பெல்லாம் கறிவேப்பிலைக்குச் சண்டை, கரண்ட் பில்லுக்குச் சண்டை, பக்கத்து வீட்டு ரேடியோவுக்குச் சண்டை, அவர் டூட்டிக்குப் போனால்தான் காலனியே அமைதியாகும். இப்போது உப்புப் போடாத குழம்பை ஊற்றினாலும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். வேண்டுமென்றே உப்புப் போடாமல் வைத்துப் பார்த்தேன். சாப்பிட்டார்.

அதோ! ஹார்ன். கேட் வருகிறது போல. முதலில் சின்னதாக ஒரு தட்டு, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் நீளமாக ஓர் இழுப்பு. இது அவர் கை. சத்தியமாக அவர் கை. ரயில்வே காலனியில் இருக்கிற பெண்களுக்கு இது தெரியும், வெளியே சொன்னால் கதை விடுகிறாய் என்பார்கள். எல்லா எஞ்சினிலும் ஹார்ன் ஒன்றுதான், அமுக்குகிற கை வேறு. எடுத்தவுடனே முழுசாக அமுக்குகிறவர் உண்டு, கடைசியில் ஒரு சுருக்கு வைக்கிறவர் உண்டு, நாலாவது வீட்டு ஸ்டீபன் சார் அமுக்கினால் யாரோ தும்முகிற மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரர் முதலில் தட்டுவார், கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறவர்போல. அந்தத் தட்டு ஆற்றுப் பாலத்துப் பக்கம் கேட்டதும் நான் அரிசியைக் களைந்து அடுப்பில் ஏற்றிவிடுவேன், அவர் வந்து கை கால் கழுவ, சோறு பொங்க, சரியாக இருக்கும். அன்றைக்கு அந்த ஹார்னை அத்தனை நேரம் அமுக்கியும் ஒருவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் அதில் கை வைக்க அவருக்கு மனசு வருமா என்பதுதான் எனக்கு இருந்த பயமெல்லாம். வந்துவிட்டதே! பேட்டையில் கேட்டேன், சேரன்மகாதேவியில் கேட்டேன், இப்போது மறுபடியும். முதல் தட்டு, மூச்சு, இழுப்பு. எனக்கு ரஹ்மத்தின் குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் போலிருக்கிறது. "தூக்கிக்கிடுங்கக்கா, ஆனா குலுக்காதிய, சாப்பிட்டது செமிச்சிரும்" என்கிறாள். வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறேன். என்ன கனம்! வெளியே வீரவநல்லூர் வாழைத் தோட்டங்கள் ஓடுகின்றன, ஓடுகின்றன, ஓடிக்கொண்டே இருக்கின்றன, தூரத்தில் மலை மட்டும் நம்மோடு கூடவே வருகிறது. இத்தனை வேகத்தை ஒரு மனுஷன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எப்படித்தான் சாயங்காலம் வீட்டுக்கு வந்து காப்பி ஆறிவிட்டது என்று சண்டை போட்டாரோ. இதையெல்லாம் இத்தனை வருஷம் நான் டூட்டி, டூட்டி என்று ஒரு சொல்லில் முடித்துவைத்திருந்தேன். மார்க்கெட்டுக்குப் போகிறார், டூட்டிக்குப் போகிறார், அவ்வளவுதான்.

கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் சத்தம் மாறியது. கீழே தாமிரபரணி. பாலத்து இரும்பெல்லாம் சேர்ந்து பாடுகிற மாதிரி ஒரு முழக்கம், ஜன்னலுக்குக் கீழே தரை இல்லை, தண்ணீர், படித்துறையில் துணி அலசுகிறவர்கள் தலை தூக்கிப் பார்க்கிறார்கள், எருமைகள் பார்க்கவில்லை. பேசிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மேற்கே பொதிகை, அதன் உச்சியில் மேகம் தலைப்பாகை கட்டியிருக்கிறது, அதற்குள்ளேயிருந்துதான் இந்த ஆறு வருகிறதாம், அங்கே பெய்ததுதான் இங்கே எருமையின் முதுகை நனைக்கிறது. எவ்வளவு பெரிய ஏற்பாடு! நமக்குச் சொல்லாமல், நம்மைக் கேட்காமல், எங்கேயோ மேலே ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது, நாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் மொண்டுவந்துவிட்டுத் தண்ணீர் கொஞ்சம் கலங்கல் என்று குறை சொல்கிறோம். அம்பாசமுத்திரத்தில் வண்டி நின்றது. நின்றதும் தெரியவில்லை. குழந்தையை ரஹ்மத்திடம் கொடுத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், எஞ்சினிலிருந்து ஜெபசிங் குதித்து வந்து பிளாட்பாரத்துக் குழாயில் பாட்டிலைப் பிடித்தான். ஜெபசிங்தான் இவருக்கு இன்று அசிஸ்டென்ட். வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே இவரோடு போய்வருகிறவன், கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவருகிறவன். நான் முக்காட்டை இழுப்பதற்குள் பார்த்துவிட்டான். "மைனி! நீங்களா? அண்ணாச்சி சொல்லவே இல்லயே." உஷ் என்று வாயில் விரலை வைத்தேன். "அவியளுக்குத் தெரியாது. சொல்லிராத தம்பி, உனக்குப் புண்ணியமாப் போவும்." அவன் முகம் ஒருமாதிரி ஆனது. "எப்படி இருக்காவ?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு நானே பதிலும் சொன்னேன், "நல்லா இருக்காவ, எனக்குத் தெரியுதுல்லா, ஹார்ன் சத்தம் கேட்டுக்கிட்டேதான வாரேன்." அவன் பாட்டில் நிரம்பி வழிந்தது, குழாயை மூடவில்லை. "மைனி, ஹார்ன் பூரா நான்தான் அடிக்கேன். அண்ணாச்சி கை அதுல படவே மாட்டேங்கு. என் பக்கத்துலயும் ஒரு பட்டன் இருக்கும்லா, நீயே பாத்துக்கோ தம்பின்னுட்டாவ." இல்லை, அது அவர் கை, எனக்குத் தெரியாதா என்றேன். "நான் அவியகிட்டதான தொழில் படிச்சேன். அவிய அடிச்ச மாதிரிதான் எனக்கும் வருது" என்று சொல்லிவிட்டு அவன் ஓடினான்.

பாரேன். என்னைத்தான் பாரேன். மேதாவி. பேட்டையிலிருந்து அம்பாசமுத்திரம்வரை ஒரு பையன் கையைப் புருஷன் கை என்று நினைத்துக்கொண்டு, கண்ணீர் விட்டு, ஊரான் குழந்தையைக் கொஞ்சி, ஆஹா ஆஹா என்று வந்திருக்கிறேன். கிளம்பும்போது மறுபடியும் அந்தச் சின்னத் தட்டு, மூச்சு, இழுப்பு. காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருக்கிறது. இனி எனக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார், கண் எங்கே பார்க்கிறது, உள்ளங்கை வியர்க்கிறதா, ஒன்றும் தெரியாது. வியர்த்தால் இடது தொடையில் துடைப்பார், அது ஒன்றுதான் தெரியும், துடைக்கிறாரா என்பது தெரியாது. வண்டி மட்டும் வழுவழுவென்று போகிறது. அதுவாவது அவர்தானே? அதையும் ஜெபசிங்கா ஓட்டுகிறான்? சட்டமில்லை, விடமாட்டார். அப்படியானால் கை அவருடையதுதான், மனசுதான் எங்கேயோ. மனசில்லாமல் கை இப்படி ஓட்டுமா? ஓட்டும், நான் சமைக்கவில்லையா இத்தனை மாதமாக. கீழ ஆம்பூர். ஆழ்வார்குறிச்சி. அடுத்து அடுத்து என்று நெருங்குகிறது. மலை இப்போது தூரத்தில் இல்லை, ஜன்னலுக்கே வந்துவிட்டது, பச்சை என்றால் என்ன பச்சை, ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் மழை, வெயிலுக்குள்ளேயே மாவு சலித்த மாதிரி சாரல் பறந்து வந்து முகத்தில் விழுகிறது. பெண்கள் எல்லாம் ஓ என்று கத்திக்கொண்டு கையை வெளியே நீட்டினார்கள். ஐம்பது வயதுக்காரி ஒருத்தி நாக்கை நீட்டுகிறாள். ஹசீனா முழித்துக்கொண்டது, முழித்து அழவில்லை, வாயைத் திறந்தபடி இந்த உலகத்தைப் பார்க்கிறது, முகத்தில் ஒரு துளி விழும்போதெல்லாம் யார் செய்தது என்று தேடுகிறது. எனக்கு அந்தக் குழந்தையாக இருக்க வேண்டும் போலிருந்தது. இந்த மலையும் வெயிலும் சாரலும் இதற்கு மேல் தாங்க முடியாது என்கிற அளவுக்கு அழகாக இருக்கின்றன, அதே நேரம் ஒவ்வொரு பனைமரத்தையும் இதுவா இதுவா என்று கேட்டுக்கொண்டு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அவர் வேகமாகத் தாண்டிவிடுவார். அதுதான் திட்டம், எனக்குத் தெரியும், சிக்னல் பச்சை விழுந்திருக்கும், கண்ணைச் சிமிட்டினால் வளைவு முடிந்திருக்கும். தாண்டிவிடு, தாண்டிவிடு, கடவுளே, ஒரு நொடி, ஒரே ஒரு நொடிதான்.

வேகம் குறைகிறது. ஏன் குறைகிறது? குறையக் கூடாதே. பனைமரங்கள். ஒன்றின் பின்னால் ஒன்றாக வருகின்றன, நடந்து வருகின்றன, இப்போது நின்றுவிட்டன. ஒரு கிணறு, ஏற்றம் கட்டுகிற துலாக்கல் இடிந்து கிடக்கிறது. வண்டி நின்றேவிட்டது. அதே இடத்தில், வேறெங்கேயும் இல்லை, அதே இடத்தில். சாரல் கூரையில் விழுகிற சத்தம் மட்டும். "என்னக்கா, ஸ்டேஷனே காணும், இங்க நிப்பாட்டிட்டான். எடை பாக்கதுக்கு நேரமாவுதுல்லா" என்றாள் ரஹ்மத். யாரோ எட்டிப் பார்த்துச் சிவப்பு விழுந்திருக்கு என்று சொன்னார்கள். எதிரே கடையம் ஸ்டேஷனுக்குள் இன்னொரு வண்டி வரவேண்டும், ஒற்றைத் தண்டவாளம், அது வந்து ஒதுங்குகிற வரைக்கும் இது வெளியே நிற்க வேண்டும், சிக்னல் இந்த வளைவில் இருக்கிறது, இன்றைக்குச் சிறப்பு வண்டிகள் அதிகம். காரணம் எல்லாம் எனக்குத் தெரியும், காரணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? பறந்து தாண்டிவிடலாம் என்று வந்த மனுஷனைப் பிடித்து அதே கல்லில், அதே கிணற்றுக்கு எதிரில் நிறுத்திவைத்து, இங்கேயே நில், நன்றாகப் பார் என்று யாரோ சொல்கிற மாதிரி இருக்கிறது. யார் அது? சிக்னலுக்குப் பொத்தான் அமுக்குகிறவருக்கு இவரைத் தெரியாது. அம்பாசமுத்திரத்தில் தண்ணீர் பிடித்தபோது கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ கிளம்பியிருந்தால் பச்சை. எனக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. பயமா, பக்தியா, இன்னதென்று தெரியவில்லை, மலைக்கு முன்னால் நிற்கும்போது வருமே, நாம் ஒன்றுமில்லை என்று ஒரு நினைப்பு, அதுதான். அடுத்து ஓர் இரும்புச் சத்தம் கேட்டது. எஞ்சின் கதவு. ஏணி. எனக்குத் தெரிந்துவிட்டது. இறங்குகிறார். முடியவில்லை, இறங்கிவிட்டார், இனி ஏறமாட்டார், ஜெபசிங்கை விட்டு ஸ்டேஷனுக்குச் சொல்லி வேறு ஆளைக் கூப்பிடுவார்கள், அந்த ஆபீஸ் நாற்காலி, அதற்கு மேல் ஒரு மின்விசிறி, குனிந்த தலை, உப்பில்லாத குழம்பு, இனி சாகிற வரைக்கும். நான் எழுந்து கதவுக்கு ஓடினேன்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். எஞ்சினுக்குப் பக்கத்தில் சரளைக் கல்லில் நின்றிருந்தார். சாரல் அவர் சட்டையில் புள்ளி புள்ளியாக விழுகிறது. கீழே ஒன்றுமே இல்லை. கல், கொஞ்சம் எருக்கு, எங்கேயும் இருக்கிற கல்தான். அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். உதடு அசைந்தது. என்னமோ சொன்னார், பேசுகிற மாதிரித்தான் சொன்னார், பிரார்த்தனை மாதிரி இல்லை, ஒருவருக்குப் பதில் சொல்கிற மாதிரி. என்ன என்று கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அப்புறம் கைகளைக் கூப்பினார், இறக்கினார். இறக்கிவிட்டுத் திரும்பினார். எஞ்சினைப் பார்க்கவில்லை, பின்னால் பார்த்தார். வளைவில் வண்டி நிற்பதால் கடைசிப் பெட்டி வரைக்கும் தெரியும். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள், நீட்டிய கைகள், தோளில் துண்டு போட்ட ஆண்கள், பையன்கள், குடத்து வாயில் பிதுங்கும் பூவைப்போல ஒவ்வொரு கதவிலும் ஜனம், அத்தனை பேரும் மழையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருத்தருக்கும் கீழே நிற்கிறவரைத் தெரியாது. எப்போதும் முன்னால் மட்டுமே பார்த்துக்கொண்டு போகிறவர், இத்தனை வருஷமாக யாரை இழுத்துக்கொண்டு போனோம் என்று இன்றைக்குத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். பார்த்துக்கொண்டே இருந்தார். வாய் திறந்திருந்தது. அந்த முகத்தை நான் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், எங்கள் மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில். பார்வை கடைசிப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக முன்னால் வந்தது, வந்தது, என்மேல் வந்து நின்றது. அவருக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. நான் முக்காட்டை இழுக்கவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. நான் பின்னால் இருப்பது தெரிந்துவிட்டது, இனி இவருக்குக் கண் முன்னால் போகாது, இருந்த கொஞ்சத்தையும் நானே வந்து கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது எதிர் வண்டி கடையத்துக்குள் நுழைகிற சத்தம் தூரத்தில் கேட்டது. அவர் காது அதற்குத் திரும்பியது, கண் என்மேல்தான் இருந்தது. முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "ஏளா!" என்று போட்டார் ஒரு சத்தம், பனைமரத்திலிருந்து காக்காய் பறந்தது, ஜன்னல் ஜன்னலாக எல்லாத் தலைகளும் திரும்பின. "கதவுல என்னளா வேல உனக்கு? விழுந்து தொலைக்கவா? உள்ள போயி உக்காரு! சிக்னல் விழப்போவுது, நான் வண்டிய எடுக்கப் போறேன்!" சொல்லிவிட்டு ஏணிக் கம்பியைப் பிடித்தார், நிற்கவில்லை, ஏறிவிட்டார்.

நான் வந்து உட்கார்ந்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ரஹ்மத்துக்குத்தான் தாங்கவில்லை, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "யாருக்கா அந்த ஆளு, டிரைவரா? அதுக்குன்னு ஒரு பொம்பளையாள்ட்ட இப்பிடியா கத்துவாரு? நீங்களும் வாய மூடிக்கிட்டு வந்துட்டிய!" என்றாள். எனக்குக் கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அவள் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பனைமரம் மெல்லப் பின்னால் போயிற்று. கிணறு போயிற்று.

"கத்தட்டும் தாயி" என்றேன். "நல்லா கத்தட்டும்."